சவுக்கு மரங்களின் தலையைத் தறிக்காமல் நத்தார் கொண்டாடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்ததும் எங்கள் கல்லடிக் கடற்கரையோரத்துச் சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாகத் தலையிழக்கத் தொடங்குகின்றன. நத்தார் மரம் சோடிப்பதற்கென்று குருத்தோடு ஆறடி நீளத்திற்குத் தறித்து, சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துச் செல்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நானும் சிறுவயதில் அப்படி வெட்டிவந்த கொப்பைச் சுற்றி நின்று மகிழ்ந்தவள்தான். ஆயினும் சென்ற ஆண்டு, நெஞ்சுயரத்தில் தறிக்கப்பட்டு, வெட்டுவாயில் ஈரம்கூடக் காயாமல் வரிசையாக நின்ற மூன்று இளமரங்களைக் கண்ட பின்னர் இதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

நுனி போன சவுக்கு பழையபடி நேராக உயர்வதில்லை. வெட்டுவாய்க்குக் கீழே இரண்டு மூன்று பக்கக் கொப்புகள் போட்டிபோட்டு எழும்பி, மரம் கவர்விட்டு, பின்னொரு வாடைக்காற்றில் அந்தக் கவரிலேயே பிளந்து விழுகின்றது. 1978 கார்த்திகை 23ஆம் திகதிச் சூறாவளியையும், 2004 மார்கழி 26ஆம் திகதி, வீடுகளில் நத்தார் மரம் சோடித்தபடியே நிற்கையில் கடல் ஊருக்குள் புகுந்ததையும் கண்ட நாங்கள், கரையில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பேணிக்காக்க வேண்டியவர்கள். சவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் என்பதும், அதன் சருகு மூடிய நிலத்தில் வேறு செடிகள் இலகுவில் முளைப்பதில்லை என்பதும் உண்மையே. எனினும் மணலையும் உப்புக்காற்றையும் இன்று மறித்து நிற்பது அதுதான்.

மரத்தை வெட்டக்கூடாதென்றால் கடையில் பிளாஸ்ரிக் மரம் வாங்கலாமே என்று கேட்போர் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சீனாவிலிருந்து கப்பலில் வருபவை. பீவிசி இலையும் இரும்புக் கம்பியும் பிரிக்க முடியாதபடி முறுக்கப்பட்டிருப்பதால் அவை மீள்சுழற்சிக்கு உதவுவதில்லை; பழுதானபின் வளவில் போட்டு எரித்தால் டயொக்சின் போன்ற நச்சுப்பொருட்கள் புகையோடு கலக்கின்றன. ஆறரை அடி உயரமான பிளாஸ்ரிக் மரமொன்று ஏறத்தாழ 40 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெளியேற்றத்திற்குக் காரணமாகின்றது என்றும், அதே உயரமான உண்மை மரம் குப்பைமேட்டில் உக்கி மெதேன் வாயுவை வெளிவிட்டால் 16 கிலோகிராமும், எரித்தாலோ சீவித் தோட்டத்திற்குப் போட்டாலோ 3.5 கிலோகிராமும் மட்டுமே என்றும் பிரித்தானியாவின் காபன் டிரஸ்ட் அமைப்பு கணித்துள்ளது. ஆகவே ஏற்கெனவே பிளாஸ்ரிக் மரம் வைத்திருப்போர் அதை வீசிவிடாமல் பத்தாண்டுகளுக்கு மேலாவது பயன்படுத்தட்டும். புதிதாக வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நிற்பது காய்ந்த தென்னை மட்டையில் செய்த மரம். மட்டையின் அடியை மண் நிரப்பிய பூச்சாடியில் ஊன்றி, கீழே நீளமும் மேலே போகப்போகக் கட்டையுமாகப் பதினொரு கம்புகளை அதன் குறுக்கே தும்புக்கயிற்றால் வரிந்து கட்டுவோம். பேரப்பிள்ளைகள் குருத்தோலையில் முடைந்த கிளிகளும் நட்சத்திரங்களும் அவற்றில் தொங்கும். முடையும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும் ஓலை காய்ந்து, நத்தாரன்று பொன்னிறமாகிவிடுவதால் ஜிகினாத் தாளே தேவைப்படுவதில்லை. தை 6இல் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் ஓலை பசளைக்குழிக்குப் போகும். கம்பும் மட்டையும் அடுப்புக்குப் போகும்.

உயிருள்ள மரமே வேண்டும் என்போர் புன்னைக் கன்றொன்றைச் சாடியில் வளர்க்கலாம். மினுங்கும் கரும்பச்சை இலையுடைய, உப்புக்காற்றைத் தாங்கும், நமது கரைக்கே உரிய மரம் அது. வெளிச்சமில்லாத அறைக்குள் நெடுநாள் வைத்து அதை வாட்டாமல், விறாந்தையில் வைத்துச் சோடிப்பது நல்லது. எங்கள் மாவட்டத்திற்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரையே கிடைப்பதால், திருநாள் முடிந்த கையோடு நிலத்தில் நட்டால் கோடைக்கு முன்பே கன்று வேர்பிடித்துவிடும்.

மரமில்லாமல் நத்தாரா என்று கேட்போருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில், உயிருள்ள மாடும் கழுதையும் நிற்க, இயேசு பிறப்பின் காட்சியை அமைத்தது 1223ஆம் ஆண்டில். நத்தார் மரமோ 16ஆம் நூற்றாண்டளவில் ஜேர்மனியப் பகுதிகளில் பரவி, ஆங்கிலேயர் வழியாக நம்மை வந்தடைந்தது. வைக்கோலும் களிமண்ணும் கொண்டு பாலன் குடில் கட்டி, அதன் முன்னே தட்டில் குரக்கன் விதைத்துப் பச்சைப் பசேலென முளைக்கவைத்த என் தாயார் ஒருநாளும் மரம் வைத்ததில்லை.

பங்குத்தந்தையரும் பாடசாலை அதிபர்களும் இவ்வாண்டு ஒளிவிழா அறிவித்தலிலேயே, வெட்டிய சவுக்கும் புதிய பிளாஸ்ரிக் மரமும் வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பஞ்சும் ஜிகினாவும் ஒட்டியபடி எறியப்பட்ட சவுக்குக் கொப்பொன்று சென்ற தை மாத மழையில் எங்கள் ஒழுங்கையின் வடிகானை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆதலால் உள்ளூராட்சி மன்றங்கள் தை முற்பகுதியில் கொப்புகளையும் ஓலைகளையும் தனியாகச் சேகரித்துப் பசளையாக்க ஒழுங்கு செய்தால் பேருதவியாக இருக்கும். புன்னைக் கன்றுகளை எங்கே நடுவது என்பதை மீனவர் சங்கங்களோடு முன்கூட்டியே பேசித் தீர்மானித்தால், கரைவலை இழுக்கும் இடங்களுக்கும் இடையூறு நேராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.