அன்பு மகள் ஸ்வெத்லானாவுக்கு

பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போடுகிறாய்? போட்டு அரை மணி நேரம் காபி கூடாது.

புதுமனை புகுவிழா அழைப்பிதழைச் சின்ன மாமா வாட்ஸப்பில் அனுப்பினார். நன்றாக இருக்கிறது. சொந்தக் காசில் வீடு. நம் வம்சத்தில் எவன் கட்டினான்? பெயர்தான் 'ஸ்வேதா' என்று இருந்தது. அச்சுப்பிழை என்றாள் அம்மா. பிழை இனிஷியலையும் சேர்த்தா முழுங்கும்? சரி, விடு.

ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, உன் பெயரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆயிரம் வருஷப் பழமையான ரஷ்யப் பெயர் என்று உன்னிடமும் உன் ஹெட்மிஸ்ட்ரஸிடமும் அளந்தேன் அல்லவா? பொய். 1802-இல் வஸ்தோக்கவ் என்ற இளம் கவிஞர் ஒரு கதைப்பாட்டுக்காக உண்டாக்கிய பெயர் அது. 'ஸ்வெத்' என்றால் ஒளி. 1813-இல் வெளிவந்த ஷுக்கோவ்ஸ்கியின் பாட்டுதான் அதை ஊரறியச் செய்தது. அதில் வரும் ஸ்வெத்லானா கண்ணாடி முன்னால் மெழுகுவர்த்தி வைத்துக் காத்திருப்பாள். போனவனிடமிருந்து வருஷம் ஒன்றாகியும் கடிதமே இல்லை. உன்னைச் சொல்லவில்லை, பாட்டில் அப்படி இருக்கிறது.

அந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லையென்று பாதிரிமார் ஞானஸ்நானத்துக்கு அதை ஏற்கவில்லை. போத்தினி என்ற கிரேக்கப் பெயரை வைத்தார்கள், அதுவும் ஒளிதான். புரட்சிக்குப் பிறகுதான் தடையில்லாமல் வைத்தார்கள். 1926-இல் ஸ்டாலின் தன் மகளுக்கு வைத்தார். நான் வைத்தது அவரைப் பார்த்து இல்லை. 1984 ஜூலை 25-இல் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா விண்வெளியில் நடந்தார், பெண்களில் முதல் ஆள். அடுத்த மாதம் நீ பிறந்தாய். உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்டாலின் மகள் அப்பா பெயரைக் கழற்றிவிட்டு 1957-இல் அம்மாவின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டார். அமெரிக்கா போய் லானா பீட்டர்ஸ் ஆனார். அவருக்குக் காரணம் இருந்தது.

உனக்கும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் 'சுவத்துப் பல்லி' என்று கூப்பிடுகிறார்கள், வேறு பெயர் வையுங்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். கன்னத்தில் அறைந்தேன். சோவியத்தே இல்லாமல் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோபமெல்லாம் உன் மேல். அன்று சாயங்காலம் கட்சி ஆபீஸில் பெண் விடுதலை பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது நீ சாப்பிடாமல் தூங்கியிருந்தாய். எழுப்பவில்லை. காலையிலும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

ஆனால் போனையாவது எடுக்கலாம். அம்மா ராத்திரி பத்து மணி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம் இன்னொன்று. ரஷ்யாவில் ஸ்வெத்லானாவை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவதே 'ஸ்வேதா' என்றுதானாம். தெரிந்துதான் வைத்தாயா?

சின்ன மாமாவிடம் புது விலாசம் வாங்கினேன். உறையில் ஸ்வேதா என்றே எழுதுகிறேன், தபால்காரர் அலைய வேண்டாம். மாத்திரையை விடாதே. வெறும் வயிற்றில்.

அப்பா