மாலைப் பசிக்குக் காந்தாரி மிளகாய் போட்ட பழம்

குலசேகரம்

அன்பு மகளே,

நாங்கள் நலம். மாலை நான்கு மணியானால் பசி தாங்காமல் அலுவலகத்தில் சிப்ஸ் பொட்டலம் வாங்கித் தின்பதாகச் சொன்னாய். லாஸ் ஏஞ்சல்ஸ் தெருமுனைகளில் மெக்சிகோக்காரர்கள் மாம்பழமும் அன்னாசியும் வெட்டி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பதைப் பார்த்தால் வீட்டு நினைவு வருகிறது என்றும் சொன்னாய். அந்தப் பழத்தையே நீ காலையில் செய்து கையோடு எடுத்துப் போகலாம் மக்களே. சேர்க்கும் பொருள்களைவிட அவற்றைச் சேர்க்கும் நேரமே இதில் முக்கியம் என்பதால், தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

முழுதும் கனிந்த பழம் இதற்கு ஆகாது. புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும் செங்காய்ப் பருவத்து மாங்காய்தான் வேண்டும்; நம் செங்கவருக்கை மாங்காயை உனக்கு அந்தப் பருவத்தில்தானே பறித்து நறுக்கித் தருவேன். அங்கே வசந்தகாலத்தில் அட்டால்ஃபோ என்று சிறிதாக, மஞ்சளாக, நாரில்லாத மெக்சிகோ மாம்பழம் வரும். அழுத்தினால் விரல் பதியாததைத் தேர்ந்து வாங்கு. கொய்யாவும் பப்பாளியும் அப்படியே கெட்டியாக இருக்கட்டும். ரப்பர் கன்றுகளுக்கிடையே ஊடுபயிராக விளையும் நம் கைதச்சக்கை, அதாவது நம் ஊர் அன்னாசி, அங்கே கிடைக்காவிட்டாலும், அடிப்பகுதியில் மணம் வீசும் அன்னாசி எந்தக் கடையிலும் இருக்கும். வெள்ளரிக்காயும் கொஞ்சம் சேர்த்தால் வாய்க்கு நன்றாக இருக்கும்.

ஊரிலிருந்து எதுவும் வந்தால்தான் இந்த ருசி வரும் என்று எண்ணாதே. மாவும் எலுமிச்சையும் ஆசியாவின் மரங்கள். அன்னாசி, கொய்யா, பப்பாளி, மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்ச்சுக்கீசியர் காலத்தில் கடல் வழியாக நம்மிடம் வந்தவை. நீ இப்போது இருக்கும் பக்கத்தில் இவை நம் ஊரைவிடப் பழைய உறவினர்கள். சிறிதாக இருந்தாலும் சுள்ளென்று எரியும் நம் காந்தாரியும் அந்த மிளகாய்க் குடும்பத்தில் ஒன்றுதான்.

இனி கூட்டு. இரண்டு காந்தாரியை ஒரு சிட்டிகை கல்லுப்போடு சேர்த்து நசுக்கு. உப்பின் பரல் உராய்வதால் மிளகாய் நன்றாக உடையும். அதில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, வறுத்துப் பொடித்த சீரகம் சிறிது போட்டு, மூடியுள்ள சிறு குப்பியில் தனியாக வை. பழத்தோடு காலையிலேயே கலந்துவிட்டால் உப்பு பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். மாலையில் துவண்ட துண்டுகள் சாற்றில் மிதக்கும், மொறுமொறுப்பு ஒன்றும் மிஞ்சாது. தின்பதற்குச் சற்று முன்பு ஊற்றிக் குலுக்கு. மாங்காய் மிகவும் புளித்தால் கருப்பட்டி ஒரு துளி சீவிப் போடலாம்; சீனி வேண்டவே வேண்டாம்.

அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதற்கு அதிலுள்ள புரோமலின் என்ற நொதி காரணம். அது புரதத்தைக் கரைக்கும் தன்மையுடையது. வெட்டிய துண்டுகளை உப்பு கலந்த தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்தத் தண்ணீரில் போட்ட உப்பையும் கணக்கில் வைத்து, கூட்டில் குறைத்துக்கொள். புரோமலின் தயிரிலுள்ள புரதத்தையும் கரைப்பதால் அன்னாசியைத் தயிரில் கலந்து வைக்காதே, கசந்துவிடும்.

உப்பைப் பற்றி நான் பிடிவாதமாகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் உப்புச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழம்பிலும் ரொட்டியிலும் ஏற்கெனவே போகும் உப்பு அதற்குள் அடங்க வேண்டும். கடையில் வாங்கும் மிளகாய்ப் பழப்பொடிகளில் உப்பு நிறைய இருக்கும், ஆகவே கொட்டித் தூவும் பழக்கம் வேண்டாம். புளிப்பும் எரிவும் கூடினால் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்றும்.

எந்தப் பழம் இல்லாவிட்டாலும் கொய்யாவை விடாதே. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு; ஆரஞ்சுப் பழத்தைப் போல் நான்கு மடங்கு. வைட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால் இப்படிப் பச்சையாகத் தின்பதே அதைப் பெறும் நல்ல வழி. கீரை, பயறு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அது துணை செய்யும். உனக்கு முன்பு இரத்தசோகை இருந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். தோலைச் சீவாமல், நன்றாகக் கழுவிய பிறகே வெட்டு. இல்லாவிட்டால் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும். பழச்சாறாக அரைத்துக் குடிக்காதே. கடித்து மென்று தின்னும் பழத்தில்தான் நார்ச்சத்தும் இருக்கும், வயிறும் நிறைந்ததாக உணரும். ஒரு பிடி வறுத்த கப்பலண்டி, அதாவது நிலக்கடலை, சேர்த்துக்கொண்டால் இரவுச் சாப்பாடு வரை தாங்கும்.

பெட்டியை அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் வை. வெட்டிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. உன் அத்தை மகன் அடுத்த மாதம் அங்கே திரும்பும்போது காய்ந்த காந்தாரி ஒரு பொதி கொடுத்தனுப்புகிறேன். அதுவரை அங்குள்ள பச்சை மிளகாயைப் பயன்படுத்து. காய்ந்ததை வெந்நீரில் சற்று ஊறவைத்த பிறகு நசுக்கு, கையை எண்ணெயும் சோப்பும் தேய்த்துக் கழுவு, அதற்கு முன் கண்ணைத் தொட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா