முழித்துத்தான் இருந்தேன், அக்கா

அக்கா,

முழிப்பு வந்தும் உடம்பு அசையாமல் கிடக்கிற அது, போன மாதம் எனக்கும் வந்தது. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை உன் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அன்று எல்லோர் முன்னாலும்தானே உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன், அதனால் இதையும் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். மல்லாந்து படுத்திருந்தேன். நினைவு வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. கதவோரம் யாரோ நிற்பது, திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்தது. நெஞ்சில் பாரம். பக்கத்தில் மனைவி போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள், அந்த வெளிச்சம் மேலே ஆடுவது நன்றாகத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டேன். குரல் வரவில்லை, மூச்சுதான் கொஞ்சம் வேகமாக வந்தது. என்ன நினைத்தாளோ, திரும்பித் தோளைத் தொட்டாள். சட்டென்று விட்டுவிட்டது.

ஒரு கை பட்டால் போதும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் பரீட்சை சமயத்து ராத்திரியை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த பாதியை மட்டும் சொல்கிறேன். வாயைத் திறக்காமல் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு முழித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உன் கண்கள் திறந்திருந்தன. முகத்தில் அசைவே இல்லை, கை போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. கண் மட்டும் என்னிடம் வந்தது, மேலே போனது, திரும்ப என்னிடம் வந்தது. திரும்பத் திரும்ப. நமக்கு நடுவில் ஒரு தலையணை அகலம்தான். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். உள்ளே என் மூச்சுச் சூட்டில் வியர்த்தது. ஒன்று, இரண்டு என்று 200 வரை எண்ணினேன்.

காலையில் நீ கேட்டாய்: “நீ முழிச்சுத்தானே இருந்தே?”

இல்லை என்றேன்.

டாக்டர் இதைத் தூக்க முடக்கம் என்றார். கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில், கனவில் நாம் ஓடினாலும் கால் ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு கைகால் தசைகளை ஓய வைத்துவிடுமாம். சில சமயம் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே முழிப்பு வந்துவிடுகிறது. கனவும் முழுசாகக் கலைந்திருக்காது, கதவோரம் நிற்கிற ஆள் அங்கிருந்துதான் வருகிறான். விலாத் தசைகளும் தளர்ந்து கிடப்பதால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசை ஒன்றுதான் மூச்சை இழுக்கிறது. ஆழமாக இழுக்கப் பார்த்தால் வராது. நம் வீட்டில் அமுக்குவான் என்றார்களே, அந்தப் பாரம் அதுதான். 36,000 பேருக்கு மேல் கேட்டு நடந்த ஆய்வுகளை 2011ல் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்தவர்கள் பொதுவாக 100க்கு 8 பேர், மாணவர்களில் 100க்கு 28 பேர். தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். அந்த வாரம் நீ மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. நீ நடிக்கவே இல்லை, அக்கா.

அந்தக் கட்டுக்குள் சிக்காதது கண். ரெம் தூக்கத்தைக் கண்டுபிடித்ததே கண் அசைவைப் பார்த்துத்தான். 1953ல் அதை வெளியிட்ட யூஜின் அசெரின்ஸ்கி, கண் அசைவைப் பதியும் கருவியை முதலில் மாட்டிப் பார்த்தது தூங்கும் தன் 8 வயது மகனுக்கு. 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இன்னொன்று செய்தார். இது கனவு என்று கனவுக்குள்ளேயே உணரக்கூடிய ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து உள்ளேயிருந்து சேதி சொன்னார். கருவி அதைப் பதிவு செய்தது. இதைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஆளுக்குத் திறந்திருக்கிற வழி கிட்டத்தட்ட அது ஒன்றுதான், நீ அதில்தான் என்னைக் கூப்பிட்டாய். எதுவும் பேசிவைக்காமலே எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் திரும்பிப் படுத்தேன்.

எனக்கு 11 வயது. அந்த முகம் உன் முகம் மாதிரியே இல்லை. 11 வயதுப் பையன் வேறு என்ன செய்வான்? ஆனால் “பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா” என்று காலையில் சொன்னதற்கு வயதைச் சாக்குச் சொல்ல முடியாது. பயந்தேன் என்று ஒத்துக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது. அப்புறம் வீட்டில் உனக்கு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள், வயதாகிவிட்டது.

சரி, நீயும் ஒரு தடவை கத்தியிருக்கலாமே? ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாமே? 24 வருஷமாக வாரம் தவறாமல் போன் செய்து வேலை எப்படி, உடம்பு எப்படி என்று விசாரித்தாய். அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எல்லோரும் கூடத்தில் படுத்தோம், நீ மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தண்டனை கொடுக்கிறாய் என்று கோபம் கோபமாக வந்தது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவன் தொட மாட்டான் என்று தெரிந்த பிறகு நீ எப்படித் தூங்குவாய்?

இப்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறேன், நேரத்துக்குத் தூங்கப் பார்க்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். இதை அன்றே யாராவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முழித்துத்தான் இருந்தேன், அக்கா. என்னை மன்னித்துவிடு.

உனக்கு இப்போதும் வருகிறதா? வந்தால் தொடச் சொல்லி அத்தானிடம் சொல்லிவைத்திருக்கிறாயா?

தம்பி