சர்க்கரையோடு போராடியபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

மகள் நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். தாயும் சேயும் நலம். கர்ப்பகால நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தாங்கியவர்களுக்கு மனசார நன்றி சொல்லவே இந்த மடல்.

முதலில் என் மருத்துவருக்கு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில், அதைக் குடிக்கும் முன் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை அளவு, வரம்பான 5.1 mmol/Lஐத் தாண்டியிருந்தது. "இனிப்பு அதிகம் சாப்பிட்டாயா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதால் தன்னால்தான் வந்ததோ என்று அம்மா கலங்கிப்போனார். மருத்துவர் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன, அதற்கு ஈடுகொடுக்க உடம்பால் முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது என்றார். குடும்பத்தில் நீரிழிவு, கூடுதல் எடை, வயது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முந்தைய குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருந்தது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும், நம் இந்திய வம்சாவளியும் அதில் ஒன்று, இதில் யார்மேலும் குற்றமில்லை என்றார். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறதாம். அன்றுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். டாக்டர், அதற்கே உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும் என்று என் கையைப் பிடித்துக் காட்டிய தாதிக்கும், தோசையை நிறுத்தச் சொல்லாமல், இரண்டோடு நிறுத்தி முட்டையும் காய்கறி சாம்பாரும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன உணவியல் நிபுணருக்கும் நன்றி. தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணனே, நான் வாய் திறக்கும் முன்பே சோற்றைக் குறைத்துக் கீரையை இரண்டு கரண்டி வைப்பீர்களே, அதை மறக்க மாட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தினமும் என்னோடு புளோக்கைச் சுற்றி நடந்த என் கணவருக்கும்தான்.

பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருந்த தாதியரே, உங்களுக்கு என்ன சொல்வது! தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வயிற்றுப் பிள்ளை தானே அதிக இன்சுலின் சுரக்கும், அளவுக்கு மீறி வளரலாம், பிரசவம் சிக்கலாகலாம். தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் இன்சுலின் உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. இதைப் பொறுமையாக விளக்கி, மகளின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். அளவு சற்றுக் குறைவு என்றதும் எனக்குக் கைகால் நடுங்கியது. நீங்கள் பதறாமல் அவளை என் மார்போடு அணைத்துப் பால் குடிக்க வைத்தீர்கள். அடுத்த முறை பார்த்தபோது சரியாகிவிட்டது.

அப்புறம், நான் மக்சிக் (மலாயில் அத்தை) என்று கூப்பிடும் எதிர்வீட்டு அம்மா. பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு மறுபடியும் அந்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது என்று பலரும் அதைத் தள்ளிப்போட்டு விடுகிறார்கள். எனக்கு அந்தக் கவலையே வரவில்லை. நான் முடித்து வரும்வரை மகளை மடியில் வைத்திருந்தார். முடிவு இயல்பாக வந்தது. பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு எனக்கு அதிகம் என்பதால் இனியும் தவறாமல் பார்த்துக்கொள்வேன். மக்சிக், அடுத்த பரிசோதனைக்கும் உங்களிடம்தான் விட்டுவிட்டுப் போவேன்!

நன்றியுடன்,
செங்காங்கிலிருந்து ஒரு தாய்