இரு கரைக் கோழிகளை ஒரே கோலால் அளந்து பாருங்கள்

இந்தியாவின் தேசிய கால்நடை மரபு வளப் பணியகத்தாருக்கும், இலங்கையின் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தாருக்கும்,

வணக்கம். எங்கள் பக்கம் நாட்டுக்கோழி, யாழ்ப்பாணத்தில் ஊர்க்கோழி. இரண்டும் பங்காளிகளா, வெறும் அக்கம்பக்கமா? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் அடைக்கோழிக்குக் கால் மஞ்சள். உலகக் கோழிகளுக்கு முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் இந்த மஞ்சளுக்கான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008-இல் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலங்கைக்கோ தனியாக ஒரு காட்டுக்கோழியே இருக்கிறது. சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் தீட்டிய தேசியப் பறவை. அப்படியானால் அக்கரைக் கோழிகளில் யாருடைய ரத்தம் எவ்வளவு?

இரு நாட்டிலும் ஆய்வுகள் நடக்கின்றன, சரி. சிக்கல் அளவுகோலில். மைக்ரோசாட்டலைட் முறையில் டிஎன்ஏ துண்டின் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். ஒரே துண்டை ஓர் ஆய்வகம் 152 என்று படிக்கும், இன்னொன்று 154 என்று எழுதிவைக்கும். பொது மாதிரிகளை இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்க்காவிட்டால், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும். கோழிக்கென்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு பரிந்துரைத்த 30 குறிப்பான்கள், அதாவது அளக்க வேண்டிய டிஎன்ஏ இடங்கள், இருக்கின்றன. இருவரும் அவற்றையே எடுத்து, பொது மாதிரிகளோடு ஓட்டி, முடிவுகளை ஒரே இடத்தில் வையுங்கள். பறவைக் காய்ச்சல் கெடுபிடியில் கோழியைக் கடல் கடத்த முடியாது, தேவையுமில்லை. இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், காகித அட்டையில் காய வைத்தால் போதும்.

அவசரம் ஏனென்றால், கணக்கு கோழித் தலைகளில் இல்லை. ஐம்பது பெட்டைக்கு இரண்டே சேவல் என்றால், எல்லாக் குஞ்சுக்கும் பாதி மரபு அந்த இரண்டிடமிருந்தே வருவதால், மரபு ரீதியில் அந்தக் கூட்டம் எட்டுக்கும் குறைவான பறவைகளுக்குச் சமம். பல ஊர்களில் நிலைமை இதுதான். நல்ல சேவல் விருந்துக்கோ சண்டைக்கோ போய்விடுகிறது. அப்புறம் மானியத்தில் வரும் கலப்பினக் குஞ்சு வளர்ந்து, ஊர்ப் பெட்டைகளை மிதிக்கிறது. முட்டை கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடைகாக்கும் குணமும், பருந்தின் நிழலைக் கண்டதும் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுக்கும் சூட்டிகையும் குறைந்துவிடுகின்றன. எது போய்விட்டது என்று சொல்லவாவது பழைய கணக்கு கையில் வேண்டாமா?

கழுத்தில் இறகில்லாத கோழி இரு கரையிலும் உண்டு. அதிலிருந்தே தொடங்கலாம்.

மாதிரி எடுக்க யாராவது வருவதானால் எங்கள் சேவலைப் பிடித்துத் தருகிறேன். விடியுமுன் வாருங்கள். கூட்டைத் திறந்துவிட்டால் அவன் முருங்கை மரத்தில் ஏறிவிடுவான்.

இப்படிக்கு,
கோழி வளர்ப்பவன் ஒருவன்