ஒரு ஸ்குரூடிரைவரும் ஐந்து நட்சத்திரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரம் முன்பு ஞாயிறு இணைப்பில் பாதுகாப்பான விமான நிறுவனங்கள் என்று ஒரு முழுப்பக்கப் பட்டியல் போட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் பெயர், பக்கத்தில் நட்சத்திரங்கள், அதற்கும் பக்கத்தில் விமானங்களின் சராசரி வயது. அன்று காலையே என் தம்பி மகள் அதைப் படம் பிடித்து அனுப்பி, "பெரியப்பா, முதல்ல இருக்கிற கம்பெனியிலேயே டிக்கெட் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். நான் 31 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன். பாதிக்கு மேல் இரவு ஷிப்ட். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல ஆரம்பித்ததுதான் இந்தக் கடிதமாக நீண்டுவிட்டது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவன விமானங்களில் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை அது சரி. ப்ரொப்பெல்லர் காலத்தில், 1951 வரை, அவர்களிடமும் உயிர்ப்பலி நடந்திருக்கிறது. ஜெட் காலத்திலும் நூலிழையில் தப்பியது உண்டு. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய அவர்களுடைய ஏ380 விமானத்தில் ஒரு இன்ஜின் வெடித்துச் சிதறி இறக்கையையே துளைத்தது. இன்ஜினுக்குள் எண்ணெய் போகிற ஒரு சின்னக் குழாயைத் துளையிடும்போது நடுமையம் விலகிப்போயிருந்தது; ஒரு பக்கத்துச் சுவர் மெலிந்து விரிசல் விட்டது. உள்ளே 469 பேர். அன்று தற்செயலாகக் காக்பிட்டில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்துகொண்டே இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பத்திரமாக இறக்கினார்கள். பட்டியலில் அது 'உயிர்ச்சேதம் இல்லை' என்ற ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில் திறமை எத்தனை பங்கு, அதிர்ஷ்டம் எத்தனை பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

பூஜ்யத்தை நம்பக் கூடாது என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் உண்டு: ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம். 1976இல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்து 24 வருடம் ஒரு பயணிகூடச் சாகவில்லை. கணக்குப்படி உலகத்திலேயே பாதுகாப்பான விமானம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் ஓடுதளத்தில் கிடந்த ஒரு உலோகப் பட்டையில் ஏறி டயர் கிழிந்தது. அந்த டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்கித் தீப்பிடித்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 113 பேர் இறந்தார்கள். பறந்த தடவைகளே குறைவு என்பதால், அந்த ஒரே விபத்தில் அதே கணக்கு அதை ஜெட் விமானங்களில் ஆக மோசமானது என்று காட்டியது. காலையில் இருந்த விமானம்தானே சாயங்காலமும்? டயர் வெடித்துத் தொட்டி ஓட்டையாகிற சங்கதி 1979லேயே வாஷிங்டனில் நடந்துவிட்டது. பூஜ்யம் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமுறுத்துகிறான் கிழவன் என்பீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல வருடங்களாக இந்தக் கணக்கைப் போட்டு வருகிறார். 1968 முதல் 1977 வரை, விமானத்தில் ஏறும் மூன்றரை லட்சம் பேரில் ஒருவர் இறந்திருக்கிறார். 2018 முதல் 2022 வரை அது 1 கோடியே 37 லட்சம் பேருக்கு ஒருவர். இவ்வளவு அபூர்வமான ஒன்றை வைத்து, நல்ல நிறுவனங்களுக்குள் இது ஆறாவது, இது ஒன்பதாவது என்று வரிசைப்படுத்துவது சுண்டிப்போட்ட காசை நம்புவது போலத்தான். நாட்டுக்கு நாடு வித்தியாசம் நிச்சயம் உண்டு. மேற்பார்வை செய்கிற அரசு அமைப்பு பலவீனமாக இருக்கும் இடங்களில் ஆபத்து அதிகம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடைப் பட்டியல் வெளியிடுகிறது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து மேற்பார்வை அமைப்பான எஃப்ஏஏவும் நிறுவனத்தை விட்டுவிட்டு நாட்டின் மேற்பார்வையைத்தான் தரம் பிரிக்கிறது. அதைப் பாருங்கள், பிரயோஜனம் உண்டு.

அப்புறம் அந்த 'சராசரி வயது' என்ற கட்டம். ரிவெட் அடித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1985 ஆகஸ்ட் 12 அன்று மலையில் மோதிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்றும் கிழட்டு விமானம் இல்லை. நல்ல நிறுவனம், நல்ல விமானிகள். 520 பேர் இறந்தார்கள். ஒற்றை விமானம் சம்பந்தப்பட்ட விபத்தில் இன்றுவரை அதுதான் பெரியது. காரணம் ஏழு வருடம் முந்தையது. 1978இல் ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் உரசி, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்குகிற பின்பக்கத்துச் சுவர் சேதமானது. சரிசெய்தவர்கள் விமானத்தைத் தயாரித்த போயிங்கின் ஆட்களேதான். இரண்டு தகடுகளை இணைக்க நடுவில் வைக்கிற பட்டை ஒரே துண்டாக இருக்க வேண்டும். இரண்டு வரிசை ரிவெட் சுமையைத் தாங்க வேண்டும். அவர்கள் பட்டையை இரண்டாக வெட்டிப் போட்டதில் ஒரே வரிசைதான் சுமையைத் தாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட் தலைகள் எல்லாம் ஒழுங்காக வரிசையாகத்தான் தெரியும். மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும், இறங்கும்போது தணியும். கம்பியை முன்னும் பின்னும் வளைப்பது போல. ஆயிரக்கணக்கான தடவை வளைந்த பிறகு அந்த வரிசை விட்டுக்கொடுத்தது. பின்சுவர் பிளந்து, செங்குத்து வாலும் விமானத்தைத் திருப்ப உதவும் நாலு ஹைட்ராலிக் இணைப்பும் போய்விட்டன. அதற்குப் பிறகும் அந்த விமானிகள் அரை மணி நேரம் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

இதே கதை மறுபடி நடந்தது. சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று 1980இல் வாலை உரசியது. ஒட்டுத் தகடு போட்டு மூடினார்கள். சேதமான வெளித்தகட்டை முறைப்படி நீக்கவில்லை. ஒட்டுத் தகட்டுக்கு அடியில் விரிசல் 22 வருடம் வளர்ந்து, 2002 மே 25 அன்று விமானம் நடுவானில் உடைந்தது. 225 பேர். அத்தனை வருடமும் ஆவணத்தில் 'பழுது நீக்கப்பட்டது' என்றுதான் இருந்தது. ஆகவே, விமானத்தின் வயது என்ன என்று கேட்பதைவிட, அதன்மேல் யார் என்ன வேலை செய்தார்கள், அதை இரண்டாவது ஒரு ஆள் பார்த்தாரா என்று கேட்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் பட்டியலில் கட்டம் இல்லை.

விபத்து நடந்த மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும், உங்களுடையதும் சேர்த்து, 'விமானியின் தவறா?' என்று தலைப்பு வரும். தவறு செய்யாத விமானி யாரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு 747கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வருமுன் வேகம் பிடித்த, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்துக் கேப்டன், அந்த நிறுவனத்தின் 747 பயிற்சித் தலைவர். அவர்களுடைய விளம்பரத்தில் முகம் காட்டியவர். பின்னால் இருந்த ஃபிளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது: அந்த இன்னொரு விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டுப் போகவில்லையோ? கேட்டார். கேப்டன் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்ன பிறகு யார் இரண்டாம் தடவை கேட்பது? முந்தைய நாள் நீங்கள் பட்டியல் போட்டிருந்தால் அந்தக் கேப்டனுக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்திருக்கும். அந்த விபத்துக்கும், அடுத்த வருடம் போர்ட்லேண்டில் சக்கரக் கோளாறைக் கவனித்துக்கொண்டே எரிபொருள் தீர்ந்துபோன யுனைட்டெட் விமான விபத்துக்கும் பிறகுதான், சின்னவன் பெரியவனிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்வதையே ஒரு பாடமாகக் கற்றுத்தர ஆரம்பித்தார்கள்.

இனி என் சொந்தக் கதை. நான் சேர்ந்த முதல் நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஒரு இளைஞன் இன்ஜின் மூடியைப் பூட்டிவிட்டு வந்தான். கதவு சாத்தி, விமானம் நகரப் போகிற நேரத்தில் அவனுக்குச் சந்தேகம்: கடைசித் தாழ் சரியாக விழுந்ததா? ஓடிப்போய் நிறுத்தச் சொன்னான். குனிந்து பார்த்தால் தாழ் ஒழுங்காகத்தான் இருந்தது. நாற்பது நிமிடம் தாமதம். அவனுக்கு மெமோ, அந்த வருடச் சம்பள உயர்வும் நின்றது. அதற்கப்புறம் அந்த ஹேங்கரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை! ஸ்னாக், அதாவது கண்ணில் பட்ட குறைகளை, எழுதுகிற புத்தகம் வெள்ளையாகக் கிடந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது நிறுவனத்தில் நானே மாட்டினேன். எங்கள் டூல் பாக்ஸில் ஒவ்வொரு கருவியின் வடிவத்துக்கும் கறுப்பு ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கும். எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டியை மூடப் போனால் குட்டை ஸ்குரூடிரைவரின் பள்ளம் காலி. சட்டைப் பை, படிக்கட்டு, தள்ளுவண்டி, எங்கும் இல்லை. அன்று இரவு நான் கை வைத்தது இரண்டு விமானங்களில். ஒன்றில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று மனது சொன்னது உண்மை, மறைக்க மாட்டேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பயணிகளை இறக்கினார்கள். மூன்று மணி நேரம் நாலு பேர் டார்ச் அடித்துத் தேடி, சக்கரக் கூண்டுக்குள் ஒரு ஹைட்ராலிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடந்ததை எடுத்தோம். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். தாமதத்தால் எவ்வளவு நஷ்டம் என்ற பேச்சே எடுக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஸ்னாக் புத்தகம் நிரம்பி வழிய ஆரம்பித்தது. பதிவான சம்பவங்களை எண்ணி நட்சத்திரம் கொடுப்பவர் யாராவது வந்திருந்தால், முதல் நிறுவனத்துக்கு ஐந்தும் இரண்டாவதுக்கு மூன்றும் கொடுத்திருப்பார்.

விடியற்காலை நாலு மணி என்றேனே, அந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி 17,000 அடிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டு, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி இறக்கினார். அந்தக் கேப்டன் பிழைத்துக்கொண்டார் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. முந்தைய நாள் விடியற்காலையில் கண்ணாடியை மாற்றிய ஷிப்ட் மேலாளர், கையில் இருந்த பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர்கூட வராத அளவு மெலிந்தவை. ஆள் குறைவு, அவரே வேலை செய்து அவரே கையெழுத்தும் போட்டார். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் கண் எப்படி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி மகளுக்கு நான் கடைசியில் சொன்னது இரண்டு விஷயம். டிக்கெட்டில் இருக்கிற பெயரைப் பார்க்காதே, விமானத்தை இயக்குவது யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த விமானத்தில் இருந்தவர்கள் வாங்கியது கான்டினென்டல் டிக்கெட். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற வேறு நிறுவனம். இன்னொன்று, ஏறும்போது ஏதாவது வித்தியாசமாகக் கண்ணில் பட்டால் வெட்கப்படாமல் சொல்லு. 1988இல் ஹவாயில் அலோஹா விமானத்தின் மேற்கூரை பறந்துபோனதே, அதில் ஏறும்போது ஒரு பயணி உடலில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். நேரம் ஒத்துவந்த நிறுவனத்தில்தான் டிக்கெட் போட்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கையில் வெள்ளி நிறத்தில் டேப் ஒட்டியிருந்ததாம். பணிப்பெண்ணிடம் சொன்னாளாம். அவர் உடனே கீழே தகவல் சொல்ல, ஒரு பொறியாளர் படியேறி இவள் இருக்கை வரைக்கும் வந்திருக்கிறார். அது ஸ்பீட் டேப், அலுமினியத்தால் ஆனது, இந்த இடத்தில் இத்தனை நாள் ஒட்டி வைக்க அனுமதி உண்டு என்று லாக் புக்கையே திறந்து காட்டினாராம். சிரிக்கவில்லையாம். உங்கள் பட்டியலை எடுத்து அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினேன், இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், பிரசுரிக்க வேண்டாம்.)