‘ஓடாதீங்க’ என்று எழுதும் முன்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, குறிப்பாக எலும்பு மூட்டு மருத்துவர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் வழக்கம்போல விடிகாலை ஐந்தே காலுக்குக் கூடியிருந்தோம். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். அன்றைக்கு நான்கு சுற்று என்று பேச்சு. எங்கள் குழுவில் 61 வயது அண்ணன் ஒருவர் இருக்கிறார். மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது சுற்றின் பாதியில் அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு நின்றார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். அந்தக் குளிரிலும் அவர் தாடையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கூட ஓடிய தம்பி ஒருவர் காரை எடுத்து வந்தார். இருபது நிமிடத்தில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பார்க்கப் போனபோதுதான் சொன்னார். மூன்று வாரமாகவே ஓடும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நின்றால் விட்டுவிடும், ஓடினால் திரும்ப வரும். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏனுங்ண்ணா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"டாக்டருகிட்டச் சொன்னா ஓடவே கூடாதுன்னுருவாங்க டீச்சர். முட்டி வலின்னு போனப்பவே அதத்தான சொன்னாங்க" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

மறைத்தது அவர் தவறு. உயிரோடு விளையாடுகிற தவறு. அதை அவர் கட்டிலருகிலேயே, அண்ணி கேட்க, சொல்லிவிட்டேன். ஆனால் ஐம்பதைத் தாண்டி ஓடுகிறவர்களில் இப்படி மறைப்பவர் அவர் ஒருவர் இல்லை. எங்கள் குழுவிலேயே விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் படபடப்பைச் சொல்லவில்லை. ஒருவர் குதிகால் தசைநார் வீங்கியதைச் சொல்லவில்லை. இன்னொருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும்போது "வாக்கிங் போறேன்" என்று மட்டும் சொல்கிறார். எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான்: சொன்னால் என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

எனக்கும் அந்தப் பதில் வந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன், வயது 58. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று 47 வயதில் ரத்தப் பரிசோதனை காட்டியது. அன்று நடக்க ஆரம்பித்தேன், ஆறு மாதத்தில் அது ஓட்டமானது. இதுவரை ஒன்பது அரைமாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடி முடித்திருக்கிறேன். 55 வயதில் படி இறங்கும்போது வலது முட்டி வலித்தது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போனேன். அந்த மருத்துவர் படத்தைத் திரையில் பார்த்தார், என் காலைத் தொடவில்லை. "ஜவ்வு தேஞ்சிருக்குங்க மேடம். இந்த வயசுல ஓட்டமெல்லாம் எதுக்குங்க? நடங்க, போதும்" என்றார். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, ஓடக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுகிறேன், எவ்வளவு தூரம், சமீபத்தில் தூரத்தைக் கூட்டினேனா, வலி எப்போது வருகிறது என்று அவர் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே விளங்கியிருக்கும். ஒரு போட்டிக்காக மூன்றே வாரத்தில் என் வார தூரத்தை இரட்டிப்பாக்கியிருந்தேன். எக்ஸ்ரேயில் அது தெரியாது.

சொன்னதைக் கேட்டேன். பதினான்கு மாதம் ஓடவில்லை. நடக்கவும் மனம் வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன். ஏழு கிலோ எடை கூடியது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.8-லிருந்து 6.4-க்குப் போனது. முட்டி வலியோ குறையவில்லை, கூடியது. தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ‘தேய்மானம்.’ தமிழ்நாட்டில் முட்டி வலியோடு போகிற எல்லோரும் இந்தச் சொல்லோடுதான் வீடு திரும்புகிறார்கள். நம் காதில் அது செருப்பு தேய்வது போல, டயர் தேய்வது போல விழுகிறது. தேய்கிற பொருளை மிச்சம் பிடிக்க ஒரே வழி அதைப் பயன்படுத்தாமல் வைப்பது. ஆகவே மாடிப்படி ஏறுவதை நிறுத்துகிறோம், கோயில் பிராகாரம் சுற்றுவதை நிறுத்துகிறோம், சம்மணமிட்டு உட்காருவதை நிறுத்துகிறோம். ஆனால் முட்டியில் இருப்பது ரப்பர் இல்லையே. குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது; எடை அழுத்தும்போதும் விடும்போதும் மூட்டு நீரிலிருந்து ஊட்டத்தை இழுத்துக்கொள்கிறது. இது உங்கள் பாடநூலில் இருப்பது, நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அறைக்குள் அந்த விஷயம் எங்களிடம் வந்து சேருவதில்லை. ‘தேய்மானம்’ மட்டும்தான் வந்து சேருகிறது.

கணக்கு ஆசிரியை என்பதால் எண்களைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மருத்துவரின் குழு 1984-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 50 வயது தாண்டிய ஓட்டக்காரர்கள் 500 பேருக்கு மேல் ஒரு பக்கம், ஓட்டக் குழுவில் சேராத அதே வயதினர் மறு பக்கம். இரண்டு தரப்பையும் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. 19 ஆண்டுகளில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம். அன்றாட வேலைகளுக்குத் தடுமாறும் நிலையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளியே வந்தது. நல்ல உடம்பு உள்ளவர்கள்தானே ஓடவே வருவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், சரியான கேள்விதான். ஓட்டம் ஒன்றே உயிரைக் காத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் ஒரு சிறு பகுதியினருக்கு 18 ஆண்டுகள் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களே, அதில் ஓடியவர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட மோசமாகிவிடவில்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டி மூட்டு நோய் இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். அந்த மூன்றாவது எண்ணையும் நான் மறைக்கவில்லை. எங்களில் சிலர் அந்த எல்லைக்குள் போய்விடுகிறோம், அங்கேதான் உங்கள் அறிவுரை எங்களுக்குத் தேவை.

பெண் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். 1960-ல் ரோமில்தான் திரும்ப வந்தது. ஒலிம்பிக் மாரத்தான் 1984 வரை பெண்களுக்குக் கிடையாது. கருப்பை கெட்டுவிடும் என்று அன்று பயமுறுத்தியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களும் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். அன்று கருப்பை, இன்று முட்டி என்று எனக்குப் படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எங்கள் எலும்பு அடர்த்தி குறைகிறது என்று எச்சரிப்பவர்கள் நீங்கள். எடை தாங்கி அசையும்போதுதான் எலும்பு உறுதிப்படும் என்பதும் உங்கள் சொல்தான். முதுகெலும்பு ஏற்கனவே நொறுங்கியிருக்கும் அம்மாவுக்கு ஓட்டம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 55 வயதில் வருகிற எல்லாப் பெண்களுக்கும் ஒரே சீட்டா?

இதயத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் பயம் வெறும் பயமில்லை, கண்ணால் பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரைமாரத்தானும் ஓடிய 1.09 கோடி பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 1,84,000 பேருக்கு ஒருவர். பெரும்பாலானோர் ஆண்கள். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒருவர் என்பது முழு எண்தான், பின்னமில்லை. பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடிய ஆண்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிவதும் கூடுதலாகக் காணப்படுவதாக வரும் ஆய்வுகளையும் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ் 1984-ல் 52 வயதில் ஓட்டத்தின்போதே இறந்தார். அவருடைய தந்தைக்கு 35 வயதில் முதல் மாரடைப்பு, 43-ல் மரணம். "உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்ற ஒரு கேள்விக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது பாருங்கள். நம் ஊரில் மாரடைப்பு மேலைநாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே கேளுங்கள். டிரெட்மில் சோதனை தேவையென்றால் எழுதுங்கள், காசு கட்டி எடுத்துக்கொள்கிறோம். இன்ன அறிகுறி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு வா என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அண்ணன் முதல் வாரமே வந்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் முட்டிக் கதையை முடித்துவிடுகிறேன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன், முப்பது வயதுகூட இருக்காது. என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். ஒரே செங்கல் உயரப் பலகையிலிருந்து மெதுவாக இறங்கச் சொன்னாள். வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பில் பலமில்லை. "முட்டி பாவம் டீச்சர், மேல இருக்கறவங்க செய்யாத வேலையையும் அதுவே செய்யுது" என்றாள். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், தொடைக்கும் இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதுவும் பத்து முறைதான். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலையில் அது மிச்சமிருக்கக்கூடாது என்று அளவு வைத்தாள். நோட்டு போட்டு எழுதச் சொன்னாள். கணக்கு டீச்சருக்கு நோட்டு போடச் சொல்லித்தர வேண்டுமா? இன்றைக்கும் எழுதுகிறேன். எட்டு மாதம் கழித்து பத்து கிலோமீட்டர் ஓடினேன். அதே எக்ஸ்ரே, அதே ‘தேய்மானம்.’ சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது அனுமதி இல்லை, அளவு. எவ்வளவு, எப்படி, எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவு. நாங்கள் உங்களிடம் கேட்பதும் அதுதான். மாத்திரையை ‘சாப்பிடு’ என்று மட்டும் நீங்கள் எழுதுவதில்லையே, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று எழுதுகிறீர்கள். ஓட்டத்தையும் அப்படி எழுதுங்கள். நேரமில்லை என்றால் பிசியோதெரபிஸ்டுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், போதும். சில நாள் நிறுத்தத்தான் வேண்டுமென்றால் எதுவரைக்கும் என்று ஒரு தேதியோடு சொல்லுங்கள். தேதி இருந்தால் காத்திருப்போம்.

2023 நவம்பரில் நம் அரசே 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் அறுபதைத் தாண்டியும் அரைமாரத்தான்கள் ஓடுகிறவர். உங்களில் பலரும் ஓடுகிறீர்கள். கோவை மாரத்தானில் என்னை முந்திக்கொண்டு போன மருத்துவர்களை எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தை அறைக்குள்ளும் கொண்டு வாருங்கள்.

அந்த அண்ணனுக்கு இப்போது வேறொரு இதய மருத்துவர் பார்க்கிறார். முதல் மாதம் நடை மட்டும். பிறகு டிரெட்மில் சோதனை வைத்து, நிமிடத்துக்கு 112 துடிப்பைத் தாண்டக்கூடாது என்று எண் கொடுத்திருக்கிறார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அதிகபட்சத் துடிப்பை அறிய 220-லிருந்து வயதைக் கழிக்கும் பொதுக்கணக்கு ஒத்துவராது என்பதையும் உட்கார வைத்து விளக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஐந்தே காலுக்கு எங்களோடுதான் வருகிறார். மெதுவோட்டமாகத் தொடங்குவார். மணிக்கட்டில் கடிகாரம் கீச்சென்று ஒலித்ததும், பக்கத்தில் யார் ஓடினாலும், பேச்சு பாதியில் நின்றாலும், உடனே நடைக்கு மாறிவிடுகிறார். எண் இறங்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நடந்து, திரும்ப ஓட்டத்தைத் தொடங்குகிறார். போன வாரம் சட்டைப்பையிலிருந்து சீட்டைப் பிரித்து என்னிடம் காட்டினார். அடுத்த சோதனைக்குத் தேதி போட்டிருந்தது.

இப்படிக்கு,
ரேஸ்கோர்ஸில் ஓடும் ஓர் ஆசிரியை
கோயம்புத்தூர்